சுப்புலட்சுமி கடையில் செவுளைத் தொடக்கூடாது

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து மீன் விற்கும் சுப்புலட்சுமியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விலையைக் குறைக்கச் சொல்லலாம். வஞ்சரத் துண்டை மெல்லிசாகப் போடச் சொல்லலாம். குழம்புக்கு எது, வறுவலுக்கு எது என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுக்கலாம். ஆனால் மீனின் செவுளை மட்டும் விரலால் தூக்கிப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தவர்கள் தொலைந்தார்கள்.

"கைய எடு! இன்னாத்துக்கு நோண்டிகினு கீற? வெடிகாலைல கடல்ல நீந்திகினு இருந்த மீனு இது. நம்பிக்கை இல்லாட்டி ஃப்ரிட்ஜுல வச்சி விக்கிறான் பாரு, அவன்கிட்ட போ!"

பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஞானசௌந்தரி டீச்சர் பாவம், பத்து வருடமாக இவளிடம்தான் மீன் வாங்குகிறார். வகுப்பில் அவர் செருமினால் பிள்ளைகள் நடுங்கும். இங்கே அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். இதில் அநியாயம் என்னவென்றால், இதே சுப்புலட்சுமி விடியற்காலையில் பனையூர் குப்பத்துக் கரையில் ஏலத்துக்கு நிற்கும்போது, கூடைக்குள் கையை விட்டு நாலு மீனின் செவுளையாவது தூக்கிப் பார்க்காமல் விலை கேட்க மாட்டாள். நான் பார்த்தாயிற்று, இனி எவனும் பார்க்க வேண்டாம் என்பது அவள் கட்சி. அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் அந்த வட்டாரத்தில் இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு மருமகள் துர்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. மகன் கார்த்திக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வருகிற வழி என்பதால் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்திருந்தான். புருஷன் பூவராகனிடம், "உன் படகாச்சு, நீயாச்சு. சோத்தப் பொங்கித் துன்னு" என்று சொல்லிவிட்டு, சுப்புலட்சுமி துணிப் பையைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

காரணம் கங்கம்மா. கார்த்திக்கு மூத்தவள், சுப்புலட்சுமியின் ஒரே பெண். ஆறு வருடத்துக்கு முன்னால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்குக் கால் வீங்கியது, முகம் உப்பியது. சுப்புலட்சுமி சும்மா இருக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். "மொத பிரசவம், அப்படித்தான் இருக்கும். பொறுத்துப் பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பொறுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் கங்கம்மாவுக்குக் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. குப்பத்தில் ஜன்னி என்பார்கள். ஆட்டோவில் சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. அதற்குப் பிறகு 'பொறுத்துப் பார்ப்போம்' என்று எவர் வாயிலிருந்து வந்தாலும் சுப்புலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

எட்டாம் மாதம் பிறந்ததும் துர்காவின் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு நுழையவில்லை. தெருமுனை நர்சிங் ஹோமில் பிரஷர் பார்த்தார்கள், அதிகம் என்றார்கள். அங்கே இருந்த டாக்டருக்கும் பயம் வந்துவிட்டது. "ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துடறது நல்லது. ஆனா குறைமாசம். இன்குபேட்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் தாம்பரம் போகும் வழியெல்லாம் சுப்புலட்சுமியின் வாய் ஓயவில்லை. "கங்கம்மாவுக்கும் இப்டித்தான் மொதல்ல வலது காலு வீங்கிச்சி… கங்கம்மாவும் இப்டித்தான் தலையப் புடிச்சிகினு குந்தினா…" துர்கா ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கார்த்தி, "எம்மா, கொஞ்சம் சும்மா வாயேன்" என்று கெஞ்சினான். யார் கேட்டார்கள்!

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்சி என்றொருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன உருவம், நிதானமான பேச்சு. துர்காவின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்று ஐம்பத்திரண்டு. திரும்பிப் பார்த்தார். கட்டில் தலைமாட்டில் சுப்புலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கங்கம்மாவின் பெயரைச் சொல்லி விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா."

"நான் இன்னாத்துக்கு வெளிய போவணும்? இவ என் மருமவ."

"நீங்க இப்படி அழுதுகிட்டு நின்னா அவங்களுக்குப் பிரஷர் எப்படிம்மா இறங்கும்?"

"நான் இன்னா பேயா? என்னைப் பாத்தா பிரஷர் ஏறுதாமே!" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனாள். அரை மணி நேரம் துர்காவைச் சாய்ந்து உட்காரவைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு. அதுவும் அதிகம்தான். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கேட்ட கார்த்திக்கு அந்தக் கலவரத்திலும் சிரிப்பு வந்தது. வாசலிலிருந்து அம்மா முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

டாக்டர் எப்சி அம்மாவையும் மகனையும் உட்காரவைத்துப் பேசினார். "பிரஷர் இருக்கு, அதுக்கு மாத்திரை தர்றேன். ஆனா பிரஷர் ஏறுன எல்லாருக்கும், கால் வீங்குன எல்லாருக்கும் வலிப்பு வர்ற அந்த வியாதி வர்றதில்ல. அது வரப்போகுதான்னு முன்கூட்டியே பாக்க ஒரு பிளட் டெஸ்ட் இருக்கு. நஞ்சுக்கொடியிலேர்ந்து ரெண்டு பொருள் ரத்தத்துல கலக்கும். ஒண்ணு ரத்தக்குழாய வளர்க்குறது, இன்னொண்ணு அதைக் கெடுக்குறது. நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யலேன்னா, நல்லது குறையும், கெட்டது ஏறும். வெளியில ஒண்ணும் தெரியறதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சுடும். கெட்டது நல்லதைப்போல எத்தனை மடங்குன்னு ஒரு நம்பர் வரும். முப்பத்தெட்டுக்குக் கீழ இருந்தா, அடுத்த ஒரு வாரத்துக்கு அந்த வியாதி வராதுன்னு கிட்டத்தட்ட நிச்சயமா சொல்லிடலாம்."

"கிட்டத்தட்டன்னா இன்னா அர்த்தம்?" சுப்புலட்சுமி விடுவாளா?

"கிட்டத்தட்டன்னா கிட்டத்தட்டதான்ம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் டெஸ்ட்டை மட்டும் நம்பி விட்டுட மாட்டோம். பிரஷர், யூரின், ஸ்கேன் எல்லாம் பாத்துகிட்டே இருப்போம். ரிசல்ட் நாளைக்கு வந்துடும். அதுவரைக்கும் வார்டுல இருக்கட்டும், பொறுத்துப் பாப்போம்."

அவ்வளவுதான். அந்த வார்த்தை டாக்டர் வாயிலிருந்து விழுந்ததும் சுப்புலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள். வராந்தாவின் அந்தக் கோடி வரை கேட்டது அவள் குரல்.

"எம்பொண்ணுக்கும் இப்டித்தான் சொன்னானுங்கோ! பொறுத்துப் பாப்போம், பொறுத்துப் பாப்போம்னு சொல்லி எங்கையில பொணத்தக் குடுத்தானுங்கோ! உன் நம்பரும் வாணாம், ஒண்ணும் வாணாம். இன்னிக்கே அறுத்து எடு. புள்ள பொழச்சா பொழைக்கட்டும், பொழைக்காட்டி போவட்டும். எனக்கு இந்தப் பொண்ணு உசுரோட வோணும்!"

செக்யூரிட்டி ஓடிவந்தார். டாக்டர் எப்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சுப்புலட்சுமி கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "உங்க பொண்ணுக்கு அப்ப என்ன டெஸ்ட்ம்மா பண்ணாங்க?" என்று கேட்டார்.

"இன்னா டெஸ்டு? கால அமுக்கிப் பாத்தான். அவ்ளோதான்."

"பிரஷர்? ரத்தம்? மறுபடி எப்ப வரணும்னு சொன்னாங்களா?"

சுப்புலட்சுமி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அவங்க பாக்கவே இல்லம்மா. நான் பாத்துட்டுப் பொறுப்போம்னு சொல்றேன். இன்னிக்கே எடுக்கணும்னு வந்தா நானே எடுக்கிறேன். ஆனா முப்பத்தோரு வாரத்துக் குழந்தைக்கு நுரையீரல் முத்தியிருக்காது. மூச்சுக்குப் போராடும். தேவையே இல்லாம எதுக்கும்மா அந்தப் பிஞ்சைப் போராட வைக்கணும்?"

சுப்புலட்சுமி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று, அதனால்தான்.

அன்று மாலை துர்காவின் அம்மா முனியம்மா சோற்று டப்பாவோடு வந்தாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கருவாடு விற்பவள். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள். தலைக்குமேல் கூரை பற்றினாலும், "அணைஞ்சிடும், சாப்புடு" என்பாள். சம்பந்திகள் இருவருக்கும் கல்யாணத்தன்றைக்கே ஆகாமல் போனது. "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று முனியம்மா சொல்ல, சுப்புலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. ஒன்பது.

"முப்பத்தெட்டு எங்க, ஒன்பது எங்க! நல்ல ரிசல்ட்" என்றார் டாக்டர் எப்சி. "யூரின்ல புரோட்டீன் இல்ல. ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்கு. மாத்திரை போட்டுகிட்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம் வரணும்."

"நம்பரு!" என்று ஆரம்பித்தாள் சுப்புலட்சுமி. "லாட்டரி சீட்டு மாரி ஒரு நம்பர சொன்னா நான் நம்பிகினு வூட்டுக்குப் போவணுமா? கார்த்தி, வேற ஆஸ்பத்திரி பாரு. இன்னிக்கே அறுக்கிறவங்க எங்கனா இருப்பாங்கோ."

"அத்தே, கொஞ்சம் கம்முனு இரு."

சொன்னது துர்கா. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாரிடம் உரக்கப் பேசாத பெண். கார்த்தி கட்டிலை விட்டு ஒரு அடி பின்னால் போய்விட்டான். முனியம்மா டப்பா மூடியைப் பாதி திறந்தபடியே நின்றாள்.

"இன்னா சொன்ன?"

"கம்முனு இருன்னேன். நேத்து கரையில சங்கரா எடுத்தியே, எத்த பாத்து எடுத்த?"

"இப்ப இன்னாடி சங்கரா? புள்ள உசுரப் பத்திப் பேசிகினு கீறேன்."

"சொல்லு அத்தே. சங்கரா வெளிய பாத்தா எப்பவும் செவப்புதான். புதுசும் செவப்பு, ஐஸுல கெடந்ததும் செவப்பு. நீ எத்த பாத்து எடுத்த?"

"செவுள பாத்துத்தான்."

"ஆங். நீ வந்ததுலேர்ந்து என் காலையே பாத்துகினு கீற. காலு வெளிய கீறது அத்தே. டாக்டரம்மா என் செவுளத் தூக்கிப் பாத்துட்டாங்கோ. நல்லாகீதுன்றாங்கோ. உன்னாண்ட மீனு வாங்க வர்றவங்கள நீதான் பாக்க உடமாட்ட. என் புள்ளைக்கும் பாக்க உடமாட்டியா?" துர்காவுக்குக் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "நீ அவசரப்பட்டா போறது என் புள்ள. எனக்கு மட்டும் சாவ ஆசையா? பாத்துட்டாங்கோ, அதனால பொறுக்கிறேன்."

பக்கத்துக் கட்டில்காரிகூட வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்புலட்சுமிக்கு முகம் சிவந்தது. இப்போது வெடிக்கப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் துர்காவின் வீங்கிய காலை மெல்லத் தடவினாள். பிறகு டாக்டரைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாளு தாண்டினாலும் நான் இங்க வந்து குந்திடுவேன்."

"வாங்கம்மா. அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் டாக்டர் எப்சி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தை என்ன சொல்ல! கார்த்தி ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வந்தான். துர்கா கையில் பட்டையைச் சுற்றியதும் சுப்புலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். "நான் பேயில்ல, இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்று எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டு நிற்பாள். ஜன்னலில் துர்கா தலை தெரிந்து, "வா அத்தே" என்றால்தான் உள்ளே வருவாள். கங்கம்மாவைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள். நாக்கு நுனி வரை வரும். உடனே ஒரு வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொள்வாள். முனியம்மா ஆசையாக அனுப்பிய கருவாடெல்லாம் உப்பு ஆகாது என்ற தீர்ப்பின்படி தெருப் பூனைக்குப் போனது. பூனை கொழுத்தது. சம்பந்தி சண்டையும் கொழுத்தது.

ஒரு மத்தியானம் துர்காவுக்குத் தலைவலி. கடையில் சேதி கேட்டதும் சுப்புலட்சுமி மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அப்போது பார்த்து ஞானசௌந்தரி டீச்சர் வந்து நிற்க, "டீச்சரம்மா, கடைய பாத்துக்கோ!" என்று கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். டீச்சர் வெயிலில் கத்தியும் கையுமாக நின்ற கோலத்தை ராஜகீழ்ப்பாக்கம் வெகுநாள் பேசியது. டாக்டர் எப்சி பிரஷர் பார்த்தார், யூரின் பார்த்தார், ரத்தமும் எடுத்து அனுப்பினார். மறுநாள் நம்பர் பதிமூன்று என்று வந்தது. துர்கா முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. தலைவலி அதனால் வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி கேன்டீனில் சுப்புலட்சுமி எதிரில் உட்கார்ந்து, நாலு இட்லி உள்ளே போகிறவரை கண்ணை எடுக்கவில்லை.

இப்படியே ஒவ்வொரு வாரமாக நகர்ந்தது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு. டாக்டர் சொன்ன நாளுக்கெல்லாம் போனார்கள். வயிறு பெருத்தது. உள்ளே இருந்தது உதைத்த உதையில், துர்கா மடியில் வைத்த தட்டு ஆடியது. இன்னும் ஒரு வாரம் கிடைத்தது, இன்னும் ஒரு வாரம் கிடைத்தது என்று சுப்புலட்சுமிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, கொசுறு மட்டும் தாராளமாகப் போட்டாள்.

முப்பத்தேழாவது வாரம் தொட்ட அன்று துர்கா நன்றாக இருந்தாள். மழை பெய்து வெக்கை தணிந்ததில் கால் வீக்கம்கூட வடிந்திருந்தது. பிரஷர் மாத்திரையில் அடங்கியிருந்தது. முனியம்மாவும் கூட வந்திருந்தாள். எல்லோரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க, டாக்டர் எப்சி முதல் நாள் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டைக் கணினியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நம்பர் ஏறிடுச்சு. நூத்தி இருபது."

கார்த்தி, "ஆனா அவ நல்லாத்தானே இருக்கா டாக்டர்?" என்றான்.

"நல்லா இருக்காங்க. அந்த நல்லா இருக்கும்போதே முடிச்சுடணும். குழந்தை வளந்தாச்சு, இனி உள்ள வச்சுக்கிறதுல லாபம் இல்ல. இன்னிக்கே அட்மிட் ஆகட்டும். குழந்தையோட தலை கீழ திரும்பாம மேல இருக்கு, அதனால நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"நாளைக்கா?" முனியம்மா விரலை மடக்கி எண்ணினாள். "நாளைக்கு அஷ்டமி டாக்டரம்மா. அஷ்டமில பொறந்தா தாய்மாமனுக்கு ஆவாது. எனக்கு ஒத்த ஆம்பளப் புள்ள. பொண்ணுதான் நல்லாகீதே? தசமி அன்னிக்கு வச்சிக்கலாம். ரெண்டு நாளுதானே, பொறுத்துப் பாப்போம்."

மறுபடியும் அந்த வார்த்தை. கார்த்தி கண்ணை மூடிக்கொண்டான். இப்போது கூரை பறக்கும் என்று எதிர்பார்த்தான்.

சுப்புலட்சுமி கத்தவில்லை. சம்பந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"முனிம்மா, ஒம்போதுன்னப்போ நானு குதிச்சேன். இவங்கோ பொறுன்னாங்கோ, பொறுத்தேன். பல்லக் கடிச்சிகினு பொறுத்தேன். இப்ப வேணாம்ன்றாங்கோ. செவுளு கறுக்க ஆரம்பிச்சிடுச்சி. காலு வடிஞ்சிடுச்சி, மூஞ்சி நல்லாகீதுன்னு நீ வெளிய பாத்துகினு கீற. நான் ஒரு தபா வெளிய பாத்துகினு பொறுத்தவ. எனக்கு இன்னா ஆச்சின்னு உனக்குத் தெரியும்."

முனியம்மா மடக்கிய விரலைப் பிரித்தாள்.

"கிருஷ்ணனே அஷ்டமில பொறந்தவர்தான்" என்றாள் சுப்புலட்சுமி.

"அவரு மாமன் இன்னா ஆனான்?" என்றாள் முனியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அந்த மாமன் சோமாரி, அதனால போனான். உன் புள்ளக்கி இன்னா? தங்கமான புள்ள. அவனுக்கு எதுனா ஒண்ணுன்னா என் சட்டையப் புடி."

முனியம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. "நீ சட்டை எங்க போட்டுகினுகீற?" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "சரி. எடுங்க டாக்டரம்மா."

மறுநாள் காலை, அஷ்டமி அன்று, துர்காவை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பூவராகனும் கடலுக்குப் போகாமல் வந்து ஓரமாக நின்றான். சுப்புலட்சுமி எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. நேற்று வரை பொறுத்தது சரிதானா, ஒரு நாள் தாமதமாகிவிட்டதா என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. காதுக்குள் ஆறு வருடத்துக்கு முந்திய அந்த ஆட்டோவின் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் கேட்டது குழந்தையின் அழுகை. சும்மா அழுகையா அது! ஏலக்காரன் குரல் தோற்றது. கார்த்தி துள்ளி எழுந்தான். சுப்புலட்சுமி எழவில்லை. "அவ?" என்றாள் கதவைப் பார்த்து. "எம்மருமவ எங்க?"

கொஞ்சம் பொறுத்துத்தான் டாக்டர் எப்சி வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பொண்ணு பொறந்திருக்கா. துர்கா நல்லா இருக்காங்க." சுப்புலட்சுமியின் எதிரில் வந்து நின்று, அவளுக்காகவே மெதுவாகச் சொன்னார். "அம்மா, டேபிள்ல படுக்க வச்சதுமே பிரஷர் ஏறிடுச்சு. நூத்தி எழுபதுக்கு மேல. அந்த வியாதிதான் வந்துடுச்சு. ஆனா நாங்க நேத்தே தயாரா இருந்தோம். வலிப்பு வராம இருக்க மருந்து பக்கத்துலயே இருந்துச்சு, உடனே ஏத்திட்டோம். இப்ப பிரஷர் இறங்கிடுச்சு. ஒரு நாள் ஐ.சி.யு.வுல கண்ணு வச்சுப் பாத்துக்குவோம். வலிப்பு வரவே இல்லம்மா."

"வந்திச்சா?" என்றாள் சுப்புலட்சுமி.

"வந்துச்சு."

"தசமி வரைக்கும் வூட்டுல இருந்திருந்தா?"

டாக்டர் எப்சி நெற்றி வியர்வையைத் துடைத்தார். முனியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சுப்புலட்சுமி எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். அந்தச் சின்ன உருவத்து டாக்டரைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டாள். "வந்தியாடி! வந்தியா!" என்று வராந்தா அதிரக் கத்தினாள், டாக்டரைப் பார்த்து அல்ல, தன் பெண்ணைக் கொண்டுபோன அந்தப் பாழாய்ப்போன வியாதியைப் பார்த்து. "இந்த வாட்டி உனக்கு முன்னாடியே நாங்க வந்து குந்திகினோம்டி! போ! வெறுங்கையோட போ!" என்று கத்திவிட்டு, ஓவென்று அழுதாள். ஆறு வருடமாக அழுதது எல்லாம் வேறு, இது வேறு. செக்யூரிட்டி ஓடிவந்து, இந்த அம்மாதானா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சுப்புலட்சுமி இரண்டு கையிலும் வாங்கி, மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தாள்.

"மூணு கிலோ. கூடத்தான் இருக்கும்."

"ரெண்டு கிலோ அறுநூறு கிராம்" என்றார் நர்ஸ்.

"உங்க தராசு சரியில்ல" என்றாள் சுப்புலட்சுமி. முனியம்மா, "இப்டித்தான் ஊரையே ஏமாத்திகினு கீறா" என்றாள். பூவராகன் உள்பட எல்லாரும் சிரித்தார்கள்.

ஐ.சி.யு.வில் துர்காவைப் பார்க்க ஒருவரைத்தான் விட்டார்கள். மகனைத் தள்ளிவிட்டு மாமியார் போனாள். பிரஷர் பட்டை துர்காவின் கையில் இருப்பதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அப்படியே திரும்பினாள்.

"அத்தே, எங்க போற?" துர்கா சோர்ந்த குரலில் கூப்பிட்டாள். "இனிமே நீ பக்கத்துல இருந்தா ஏறாது. வா."

சுப்புலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டை உப்பியது, பிறகு தளர்ந்தது. நூற்று முப்பத்தாறு. இரண்டு பேரும் சேர்ந்து அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

தாயும் மகளும் வீடு வந்து, பேர் வைத்து, முனியம்மாவின் பிள்ளை அஷ்டமி மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லுபோலத் திரிந்த நாட்களில் சுப்புலட்சுமி மறுபடி கடைக்கு வந்தாள். ஞானசௌந்தரி டீச்சர் வந்து வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சங்கரா ஒரு கிலோ போடுங்கம்மா."

சுப்புலட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு மீனை எடுத்து டீச்சர் எதிரில் நீட்டினாள்.

"தூக்கிப் பாரு டீச்சரம்மா."

"எதை?" டீச்சர் பயந்துபோனார்.

"செவுளத்தான்."

"ஐயோ, வேண்டாம்மா. உங்க மீன்மேல எனக்குச் சந்தேகமே இல்ல."

"சந்தேகம் இருந்தாத்தான் பாக்கணுமா? பாத்துட்டுத் தைரியமா எடுத்துகினு போ."

பத்து வருடத்தில் முதல் தடவையாக டீச்சர் ஒற்றை விரலை நீட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது.